கலைப்பதற்கும் ஒரு சங்கம் வேண்டும்

1

ஜலகண்டாபுரத்துக்கு ரயில் கிடையாது. வடமேற்கே மேட்டூர் அணை ஸ்டேஷன், வடகிழக்கே ஓமலூர், தெற்கே மகுடஞ்சாவடி. மூன்றில் எதற்குப் போகவேண்டும் என்றாலும் பஸ்தான் பிடிக்கவேண்டும். சின்ன வயதில் ரயில் என்பது எனக்கு ஒரு சத்தம்கூட இல்லை, ஏனென்றால் எங்கள் தெருவில் தறிச் சத்தத்தை மீறி எதுவும் கேட்காது. அப்படிப்பட்ட ஊரில், என் வீட்டு மாடியில், 2024 ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரயில் வரலாற்றுக் குழு ஒன்றின் கடைசிக் கூட்டம் நடந்தது.

குழு என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். மொத்தம் ஏழு பேர். அன்றைக்கு நேரில் வந்தது நான்கு பேர், வீடியோ காலில் இரண்டு பேர். ஏழாவது ஆள் 2021இலேயே காலமாகிவிட்டார். ரயில்வேயில் கீமேனாக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். எங்களுக்கெல்லாம் அய்யா. குழுவுக்குப் பெயர் வைக்கவேண்டும் என்று பத்து வருடமாகப் பேசிக்கொண்டிருந்தோம், கடைசிவரை வைக்கவில்லை. வாட்ஸப்பில் ஒரு ரயில் எமோஜி மட்டும் இருந்தது. பதிவு எண், லெட்டர்பேட், பேங்க் அக்கவுண்ட் எதுவும் இல்லை.

ஆனால் பொருள் இருந்தது. இரண்டு ஹார்ட் டிஸ்க். முப்பத்தொன்று ஒலிப்பதிவுகள். பல குடும்பங்களிடம் கடன் வாங்கி ஸ்கேன் செய்த புகைப்படங்கள்; அதில் சிலவற்றின் அசல், வெட்கத்தோடு சொல்கிறேன், இன்னும் திருப்பித் தரப்படாமல் என் பீரோவில். துருப்பிடித்த தண்டவாள ஆணிகள் ஒரு பை நிறைய. பழைய அட்டை டிக்கெட்டுகள் ஒரு சிகரெட் டின்னில். பழைய சர்வே வரைபடங்களின் மேல் நாங்கள் கோடு போட்டுச் செய்த ஒரு டிஜிட்டல் வரைபடம்.

கூட்டத்தின் அஜெண்டாவை நான்தான் எழுதினேன். எது யாருடையது? எதைத் திருப்பித் தருவது? எதை யாரிடம் ஒப்படைப்பது? எதை அழிப்பது? கடைசியாக, குழுவைக் கலைப்பது. ஐந்தாவதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் நான்கை முடிக்க எட்டு மாதம் ஆனது.

2

2013 மே மாதம் சேலம்–கரூர் புதிய பாதை திறக்கப்பட்டது. நாமக்கல்லுக்கு முதன்முதலாக ரயில். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது, பெங்களூரில் முதல் வேலை. லீவு போட்டுவிட்டு வந்து அந்த வண்டியில் ஏறினேன். ராசிபுரம் தாண்டியதும் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் ஜனங்கள் நின்று கையசைத்தார்கள். பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் சொன்னார்: "இவங்களுக்கு இப்பத்தான் வருது. எங்கூருக்கு வந்துட்டு போயே போயிருச்சு."

அவர் தர்மபுரிக்காரர். அவர் சொன்னது மொரப்பூர் லைனை. அவர்தான் பிற்பாடு எங்கள் அய்யா.

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலை மெட்ராஸ் ரயில்வே கம்பெனி ஓட்டியது. அதே பாதை ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு, போத்தனூர் வழியாக நீண்டு 1862க்குள் மேற்குக் கடற்கரையில் பேப்பூரைத் தொட்டுவிட்டது. இந்தப் பெரிய பாதை அன்றைய சேலம் ஜில்லாவின் நடுவே போனது. ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் மூன்றும் தள்ளி நின்றுவிட்டன. 1876–78 பெரும்பஞ்சத்தில் சேலம் ஜில்லா மிக மோசமாக அடிவாங்கியது. தானியம் ஓரிடத்தில் இருக்க, பசி இன்னோரிடத்தில் இருந்தது. 1880இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை வந்தது. லாபம் பார்க்காமல், பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுசெல்வதற்கென்றே பாதைகள் போடவேண்டும் என்ற எண்ணம் அதன்பின் வலுத்தது.

கால் நூற்றாண்டு கழித்து இந்தப் பக்கம் இரண்டு சின்ன லைன்கள் வந்தன. 1905இல் திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி. 1906இல் மொரப்பூர்–தர்மபுரி; இது பாலக்கோடு வழியாக ஓசூர் வரை 1913இல் நீட்டப்பட்டது. இரண்டுமே இரண்டடி ஆறு அங்குல நேரோ கேஜ். பெரிய லைனின் அகலம் ஐந்தடி ஆறு அங்குலம். அதாவது ஓசூரிலிருந்து வரும் மூட்டை எதுவானாலும் மொரப்பூரில் இறக்கி, தலையில் சுமந்து, பெரிய வண்டியில் ஏற்றியாக வேண்டும். கேஜ் மாற்றம் என்று புத்தகத்தில் ஒரு வார்த்தையாக இருப்பது, ஊரில் நூறு பேரின் கழுத்து.

சின்ன லைன் போடுவது மலிவு, அதனால்தான் வந்தது. ஆனால் 1930களில் மோட்டார் பஸ் வந்ததும் அதே சின்னத்தனம் எமன் ஆனது. பஸ் வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டது, மூட்டை மாற்றவேண்டியதில்லை, வேகமும் அதிகம். 1941க்குள் இரண்டு லைனும் மூடப்பட்டுவிட்டன. போர்க்காலம், இரும்புக்குத் தேவை இருந்தது. தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. சேலம்–தர்மபுரி–ஓசூர்–பெங்களூர் என்று பின்னால் வந்த பாதை வேறு. மொரப்பூர்–தர்மபுரிக்கு மட்டும் புதிய அகலப்பாதை போட 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். எழுபத்தெட்டு வருடம் கழித்து!

நாங்கள் செய்தது இதுதான்: மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கிளம்பி, பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு, அந்தப் பாதை எங்கே போனது என்று நடந்து பார்ப்பது. வயலுக்கு நடுவே சம்பந்தமே இல்லாமல் ஒரு மேடு நேர்கோட்டில் போகும். அய்யா குனிந்து ஒரு கல்லை எடுத்துப் பார்த்து "இது ஜல்லி. இந்த ஊரு கல்லு இல்ல" என்பார். பக்கத்தில் ஆடு மேய்க்கும் யாரிடமாவது கேட்டால், "அதுவா, ரயில் ரோடு" என்று சொல்வார்கள். ரயிலைப் பார்த்திராதவர்கள். அவர்கள் அப்பாவும் பார்த்திருக்க மாட்டார். ஆனால் பெயர் இருந்தது. இந்த மாதிரி ஒவ்வொன்றையும் புள்ளி வைத்து வரைபடத்தில் ஏற்றினோம். மேட்டூர் அணை கட்டிய காலத்து ஓமலூர் கிளைப் பாதை, விருத்தாசலம் மீட்டர் கேஜ் என்று ஆசை விரிந்துகொண்டே போனது.

3

ஏன் கலைத்தோம்? இந்தக் கேள்விக்கு ஒரு சோகமான, பெரிய காரணம் இருந்தால் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். இல்லை. சண்டை வரவில்லை, பணம் கையாடப்படவில்லை. ஒருத்தனுக்குக் கல்யாணம், ஒருத்திக்கு ஜெர்மனியில் வேலை, ஒருவருக்கு முதுகு வலி, எனக்கு இரண்டு குழந்தைகள். கொரோனாவில் நடை நின்றது. அய்யா போனார். அதற்குப் பிறகு யாரும் கல்லைக் குனிந்து எடுக்கவில்லை. குழுவில் "குட் மார்னிங்" மட்டும் வந்துகொண்டிருந்தது. அப்புறம் அதுவும் நின்றது.

சாஃப்ட்வேர்க்காரர்களிடையே "பஸ் ஃபேக்டர்" என்று ஒரு கணக்கு உண்டு. டீமில் எத்தனை பேர் பஸ்ஸில் அடிபட்டால் புராஜெக்ட் நின்றுபோகும்? எண் சிறியதாக இருந்தால் ஆபத்து. எங்கள் குழுவின் எண் ஒன்று. அய்யாவை நம்பி அறிவு இருந்தது, என்னை நம்பி ஹார்ட் டிஸ்க் இருந்தது.

அதில் நான் தோற்றேன். மூன்று டிஸ்க் இருக்கவேண்டியது. 2022இல் ஒன்றை எடுத்துச் சொருகினால் டிக் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நகல் எடுத்துவிட்டோம் என்று நினைத்திருந்தேன். நான்கு ஒலிப்பதிவுகளுக்கு நகல் இல்லை. அந்த நான்கு பேரில் மூன்று பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். நாள் முழுக்க மற்றவர்களின் சர்வருக்கு பேக்கப் திட்டம் போட்டுக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். இந்த ஒரு சத்தத்துக்குப் பிறகுதான் "இதை முறையாக மூடிவிடலாம்" என்று குழுவில் எழுதினேன். நடத்த முடியாததை வைத்திருப்பது பாதுகாப்பது ஆகாது. மெதுவாகத் தொலைப்பதுதான் அது.

4

ரயில் ஆர்வலர் குழுக்களின் தொடக்கக் கதைகள் எல்லோருக்கும் தெரியும். 1950இல் வேல்ஸில் டாலிலின் என்ற சின்ன லைனின் உரிமையாளர் இறந்துபோனார். மூடவேண்டிய நிலை. எழுத்தாளர் எல்.டி.சி. ரோல்ட் போன்ற சிலர் பர்மிங்காமில் கூட்டம் போட்டு, சங்கம் அமைத்து, 1951இல் தாங்களே வண்டி ஓட்டினார்கள். தன்னார்வலர்கள் நடத்திய உலகின் முதல் ரயில்பாதை அது, இன்றும் ஓடுகிறது. நம் நாட்டிலும் மைக்கேல் சாட்டோ என்ற ஆங்கிலேயர் இருந்தார். இங்கே ஒரு கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர், நீராவி இன்ஜின் பைத்தியம். ஷெட் ஷெட்டாகப் போய்ப் பழைய இன்ஜின்களைக் கணக்கெடுத்தார். டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகம் 1977இல் திறக்கப்பட்டதற்குப் பின்னால் அவர் உழைப்பும் ஆலோசனையும் உண்டு. 1855இல் செய்யப்பட்ட ஃபேரி குவீன் இன்ஜினை நம் பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் சரிசெய்து 1997இல் மறுபடி ஓட வைத்தார்கள்.

முடிவுக் கதைகளை யாரும் சொல்வதில்லை. நான் அவற்றைத் தேடிப் படித்தேன். இரண்டு மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இண்டியானா போக்குவரத்து அருங்காட்சியகம் 1960இல் தொடங்கியது. தன்னார்வலர்கள் நடத்தியது. நோபிள்ஸ்வில் என்ற ஊரின் பூங்காவுக்குள் ஷெட்டும் தண்டவாளமும். முதலில் வண்டி ஓட்டும் பாதை கைவிட்டுப் போனது, பிறகு இடமே போனது. 2018இல் கெடு வைத்து வெளியேறச் சொன்னார்கள். பத்து பதினைந்து டன் எடையுள்ள பொருளைக் கெடுவுக்குள் எங்கே தூக்கிப்போவது? நகர்த்த முடிந்தவை நகர்ந்தன. விட்டுப்போனவற்றில் சில அங்கேயே வெட்டப்பட்டு இரும்பு விலைக்குப் போயின. அறுபது வருடம் துடைத்துத் துடைத்து வைத்த பொருள்.

அதே நாட்டில், கிளீவ்லாந்து பக்கத்தில், ஜெரால்ட் புரூக்கின்ஸ் என்பவர் தன் குடியிருப்புப் பூங்காவில் பழைய டிராம் வண்டிகளைச் சேர்த்தார். டிராலிவில் என்று பெயர். அவர் 1983இல் இறந்தபின் குடும்பம் கொஞ்ச காலம் நடத்தியது. பிறகு மூடி, ஒரு புதிய அமைப்பிடம் வண்டிகள் போயின. அதுவும் பணம் திரட்ட முடியாமல் 2009இல் ஏலம் போட்டது. அப்போது பல ஊர் டிராம் அருங்காட்சியகங்கள் ஒன்றுசேர்ந்தன. "நீ எதைக் கேட்பாய், நான் எதைக் கேட்பேன்" என்று முன்கூட்டியே பேசி, ஒருவரோடு ஒருவர் விலையை ஏற்றாமல், கூட்டாக ஏலம் கேட்டுப் பிரித்துக்கொண்டன. எந்த வண்டி எந்த ஊரில் ஓடியதோ அதற்குப் பக்கத்தில் போய்ச்சேர முயற்சி நடந்தது. டிராலிவில் இன்று இல்லை. அதன் வண்டிகள் இருக்கின்றன.

இரண்டுக்கும் வித்தியாசம் பணம் மட்டும் இல்லை, அவகாசமும்தான். கதவைச் சாத்துவதற்கு முன்னால் யாரோ உட்கார்ந்து பட்டியல் போட்டிருக்கிறார்கள்.

நம் சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. 1860ஆம் வருடத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, ஐந்தில் மூன்று பங்கு உறுப்பினர்கள் முடிவெடுத்தால் சங்கத்தைக் கலைக்கலாம் என்கிறது. 14ஆவது பிரிவுதான் அழகு: கடன் போக மீதமிருப்பதை உறுப்பினர்கள் பங்குபோட்டுக்கொள்ளக் கூடாது, வேறொரு சங்கத்துக்குத்தான் தரவேண்டும். தமிழ்நாட்டில் பிறகு 1975ஆம் வருடச் சட்டம் வந்தது. எங்கள் குழு எந்தச் சட்டத்திலும் பதிவானது இல்லை. ஆனாலும் இந்த விதியைக் கடன் வாங்கிக்கொண்டோம். ஆணிப் பையை வீட்டு ஷோகேஸில் வைக்க ஒருவருக்கு ஆசை. "14ஆவது பிரிவு" என்றோம். சிரித்துவிட்டு விட்டுக்கொடுத்தார்.

தமிழில் நல்ல உதாரணமும் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கப் புத்தகமும் நோட்டீஸும் பத்திரிகையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்ததும் அந்தச் சேகரிப்பு பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கலாம். சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, இங்கேயே விட்டு, 1994இல் சென்னையில் நூலகம் அமைய வழிசெய்தது. ஆள் போன பிறகும் சேகரிப்பு நின்றது, ஏனென்றால் இரண்டு வருடத்துக்குள் யாரோ ஒருவர் ஓடிப்போய்ப் பிடித்தார்.

5

பட்டியல் போட ஆரம்பித்தபோதுதான் எங்கள் பெரிய தப்பு தெரிந்தது. முப்பத்தொரு பேரிடம் ரெகார்டரை நீட்டியிருக்கிறோம். "இதை என்ன செய்யலாம்?" என்று ஒருவரிடமும் கேட்டு எழுதி வாங்கவில்லை. நாங்கள் நண்பர்கள், பொழுதுபோக்கு, யாருக்குத் தரப்போகிறோம் என்ற நினைப்பு. இப்போது வேறு கைக்குப் போகப்போகிறது. அனுமதி இல்லாமல் கொடுத்தால் அது திருட்டு.

ஆகவே வீடு வீடாகப் போனோம். பெரும்பாலும் பேசியவர் உயிரோடு இல்லை. பேரன், மருமகள், தம்பி மகன். ஹெட்போனை மாட்டிவிட்டு, போட்டுக் காட்டுவோம். இறந்தவர் குரல் காதில் விழும்போது ஆட்கள் என்ன ஆவார்கள் என்று எனக்கு முன்னால் தெரியாது. ஒரு அக்கா முழுதாகக் கேட்டுவிட்டு, "எங்கப்பா என்கிட்ட இத்தன நேரம் பேசினதில்லீங்க" என்றார்.

ஒரு வீட்டில் அழிக்கச் சொன்னார்கள். காரணமும் சொன்னார்கள், நியாயமான காரணம். என்ன பதிவு, என்ன காரணம் என்று இங்கே எழுதமாட்டேன். அவர்கள் கண்முன்னாலேயே லேப்டாப்பைத் திறந்து, இரண்டு டிஸ்கிலும் அழித்தேன். வரலாற்றுக்கு நஷ்டம்தான். ஆனால் அந்தக் குரல் வரலாற்றுக்குச் சொந்தமாவதற்கு முன்னால் அந்த வீட்டுக்குச் சொந்தம். பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே "குடும்பத்தார் விருப்பப்படி நீக்கப்பட்டது" என்று மட்டும் இருக்கிறது.

இன்னொரு வீட்டில் நேர்மாறு. 2016இல் நாங்கள் பதிவு செய்த ஒரு பாட்டி. அப்போது எண்பத்தேழு வயது இருக்கும். 2019இல் காலமாகிவிட்டார். பேத்தி டீச்சராக இருக்கிறார். முழுக்கக் கேட்டார். "பேரு வேணாம், ஊரு வேணாம். மத்ததெல்லாம் எழுதுங்க. எழுதணும்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

பாட்டியின் அப்பா மொரப்பூரில் மூட்டை மாற்றும் கூலி. சின்ன வண்டியிலிருந்து பெரிய வண்டிக்குப் புளி மூட்டை. தர்மபுரிப் புளி எங்கேயெல்லாம் போனது என்று அவருக்குக் கணக்குத் தெரியாது, அப்பாவின் சட்டையில் எப்போதும் புளி வாசம் என்பது மட்டும் ஞாபகம். பெரிய அண்ணன் ஒருவர். வேலை இல்லை. 1937 வாக்கில், கங்காணி ஒருவர் மூலமாக மலாயா போக முடிவாயிற்று. சின்ன வண்டியில் மொரப்பூர், அங்கிருந்து பெரிய வண்டி, நாகப்பட்டினம், கப்பல். சேலம் ஜில்லாவிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ரப்பர் தோட்டத்துக்குப் போன பாதை இது. அடுத்த வருடமே, 1938இல், இந்திய அரசு இப்படி ஆள் கூட்டிப்போவதற்குத் தடை போட்டது. ஒரு வருடம் தாமதித்திருந்தால் அண்ணன் போயிருக்க முடியாது.

பதிவில் பாட்டி சொல்வது இது: "ஸ்டேசன்ல வண்டி நின்னுட்டு இருந்துச்சு. எங்கண்ணன் என்னையத் தூக்கி உள்ள வெச்சான். பலகையில உக்காரச் சொன்னான். ஜன்னல்ல பாக்கச் சொன்னான். அப்பறம் மணி அடிச்சதும் எறக்கி வெளிய விட்டுட்டான். அதேன் நா ரயிலேறுனது. நவுராத வண்டியில."

மலாயாவிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. பிறகு போர். ஜப்பான்காரன் வந்தான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சின்ன லைனையும் அந்தச் சமயத்தில்தான் பெயர்த்தார்கள். போன பாதையும் இல்லை, போனவனும் இல்லை. "சயாமுக்கு ரயில் போடக் கொண்டு போயிட்டாங்கன்னு திரும்பி வந்த ஒருத்தர் சொன்னாரு. நெசமா என்னான்னு யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு பாட்டி நிறுத்திவிடுகிறார். பதிவில் அப்புறம் ஒரு நிமிடத்துக்குக் கோழிச் சத்தம் மட்டும்.

6

சயாம்–பர்மா ரயில்பாதை 415 கிலோமீட்டர். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் ஜப்பானிய ராணுவம் முடித்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் வேலை செய்தார்கள். பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். அதில் மலாயாத் தமிழர்கள் பெரும் பகுதி. இறந்த ஆசியர்கள் தொண்ணூறாயிரம் பேர் வரை என்று மதிப்பிடுகிறார்கள். போர்க்கைதிகளுக்குச் சரியான எண் இருக்கிறது, தொழிலாளர்களுக்கு மதிப்பீடுதான். கைதிகளுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது. காஞ்சனாபுரி கல்லறைத் தோட்டத்தில் சுமார் ஏழாயிரம் பேர் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். தமிழர்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை.

உயிரோடு திரும்பிய பிரிட்டிஷ் கைதிகள் ஊர் ஊராகச் சங்கம் வைத்தார்கள். வருடாவருடம் கூடினார்கள், நாட்குறிப்பும் படங்களும் சேர்த்தார்கள். உறுப்பினர்களுக்கு வயதாக வயதாக அந்தச் சங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. ஆனால் 1997இல் அவர்களின் பிள்ளைகள் தனியாக ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள், கோஃபீபவ் என்று. அப்பாக்களின் சங்கங்கள் கலையும்போது கையில் வாங்கிக்கொள்ள ஆள் தயார். 2005இல் இங்கிலாந்தின் ஆல்ரூவாஸில் உள்ள தேசிய நினைவுத் தோட்டத்தில் அவர்களுக்கு ஒரு நினைவுக் கட்டடமே வந்துவிட்டது. பக்கத்தில் அந்த அசல் பாதையின் தண்டவாளத் துண்டும் இருக்கிறது.

நம் ஆட்கள்? தோட்டத்துக்குத் திரும்பி மறுநாள் பால் வெட்டப் போனார்கள். சங்கம் வைக்க நேரமும் இல்லை, எழுத்தும் பலருக்கு இல்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ என்று மலேசியத் தமிழில் நாவல்கள் வந்தன. ஒரு ஆவணக்காப்பகம் செய்யவேண்டிய வேலையைப் பல வருடம் நாவல்கள் செய்தன. வெகு தாமதமாகத்தான் மலேசியாவில் தன்னார்வக் குழுக்கள் எஞ்சியிருந்த முதியவர்களைத் தேடிப் பதிவு செய்தன. 2023இல் காஞ்சனாபுரியில் தமிழர்களுக்காக ஒரு நடுகல் நட்டார்கள். நடுகல் என்றால் எங்கள் பக்கத்துக்குப் பழக்கமான பொருள். தர்மபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கின்றன. மாடு மீட்டுச் செத்தவனுக்கும் பெயரோடு கல் உண்டு. ரயில் போட்டுச் செத்தவனுக்கு எண்பது வருடம் பிடித்தது.

இதைப் படித்துக்கொண்டிருந்த இரவில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. சங்கம் கலைவதை நான் தோல்வியாக நினைத்து ஒளிந்துகொண்டிருந்தேன். ஆனால் கலைப்பதற்கும் முதலில் ஒரு சங்கம் இருந்திருக்க வேண்டும். இருந்து, சேர்த்து, பட்டியல் போட்டு, அடுத்தவர் கையில் வைத்துவிட்டுக் கலைவது ஒரு வசதி. அந்த அண்ணன் போன்றவர்களுக்கு அது கிடைக்கவில்லை. எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதை ஒழுங்காகச் செய்யாமல் விட்டால்தான் தோல்வி.

7

எட்டு மாதத்தில் முடித்தது இவ்வளவு. அசல் புகைப்படங்கள் எல்லாம் அந்தந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டன, ஒவ்வொன்றோடும் பெரிதாக்கிய ஒரு பிரிண்ட், வட்டி மாதிரி. ஆணிகளில் நான்கை வைத்துக்கொண்டு, மற்றதை எடுத்த வயல்காரர்களிடமே கொடுத்தோம். ஒருவர் "எதுக்குங்க இதெல்லாம்?" என்று கேட்டுவிட்டு மாட்டுக் கயிறு கட்ட வைத்துக்கொண்டார். அதுவும் பயன்தானே! டிக்கெட் டின் அய்யாவின் மகளிடம்.

அனுமதி கிடைத்த பதிவுகளுக்கு மூன்று நகல். ஒன்று ஒரு நூலகத்துக்கு, ஒன்று வரலாற்றுத் துறை உள்ள ஒரு கல்லூரிக்கு, ஒன்று இணையத்தில். வரைபடத்தை எவரும் எடுத்துத் திருத்தும்படி பொதுவில் வைத்துவிட்டோம். ஒவ்வொரு கோப்புக்கும் யார் பேசியது, எங்கே, எப்போது, என்ன அனுமதி என்று ஒரு வரி. எங்கள் தொழிலில் எந்தப் புராஜெக்டை விட்டுப் போனாலும் ரீட்மீ என்று ஒரு கோப்பு எழுதி வைப்போம், அடுத்து வருகிறவன் திட்டாமல் இருக்க. இதற்கும் எழுதினேன். அதில் தொலைந்த நான்கு பதிவுகளின் விவரமும், யாரால் தொலைந்தது என்பதும் இருக்கிறது. என் பெயரைப் போட்டிருக்கிறேன்.

உங்களிடமும் இப்படி ஒரு குழு இருக்கலாம். கோயில் கல்வெட்டோ, பழைய சினிமா நோட்டீஸோ, பறவையோ, ஏரியோ. நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பக்கத்தில் எழுதி வைத்துவிடுங்கள்: நாளைக்கு நாம் நிறுத்தினால் இது யாரிடம் போகும்? எழுத ஒரு மாலை போதும். எழுதாமல் விட்டால் எட்டு மாதம், நான்கு குரல்கள்.

மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் முழுகிப்போன ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலைகாட்டும். ஊரே பார்க்கப் போகும். நானும் போயிருக்கிறேன். அதை யாரும் பாதுகாக்கவில்லை, தண்ணீர்தான் வைத்திருந்தது. எல்லாவற்றுக்கும் அந்த மாதிரி தண்ணீர் கிடைக்காது.

ஐந்தாவது அஜெண்டாவுக்கு வருகிறேன். ஜூன் மாதம் எல்லோரும் குழுவிலிருந்து வெளியேறினார்கள், ஒவ்வொருவராக, எதுவும் எழுதாமல். அட்மின் நான்தான் கடைசி. அதற்கு முன்னால் அந்த டீச்சருக்கு அவர் பாட்டியின் பதிவை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு கேட்டார்: "மொரப்பூர் தர்மபுரி புது லைனு எப்பங்க ஓடும்?"

"வேலை நடந்துட்டு இருக்குதுங்க. வந்துரும்."

"வந்தா எனக்கு ஒரு போன் பண்ணுங்க. நா ஏறணும்."

குழு கலைந்துவிட்டது. ஆனால் அந்த போனைப் பண்ணும் வேலை மட்டும் பாக்கி. ரீட்மீயின் கடைசியில் அதையும் சேர்த்திருக்கிறேன்.